வேலைக்கு உதவாதவர் என்று கோப்பில் எழுதப்பட்டவர்

நிராதரவான முடவர் ஒருவர் பல்கலைக்கழக வகுப்புகளுக்குச் செல்கிறார் என்ற பொருளில், 1962 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பத்திரிகையொன்று செய்தித் தலைப்பு இட்டிருந்தது. அதை எழுதிய உதவி ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. வாசகர் மனம் இளக வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். 'முடவர்' என்பது அக்காலத்து வழக்கு, அதை விட்டுவிடலாம். முப்பது வருடங்களுக்கு மேலாகத் தலைப்புகளோடு மல்லுக்கட்டிய எனக்கு உறுத்துவது 'நிராதரவான' என்ற சொல்தான். அந்த மாணவர் நிராதரவாக இருக்கவில்லை. தன்னைக் காலையில் யார் எழுப்புவது, யார் உடுத்துவிடுவது, எந்த விரிவுரைக்கு யார் தள்ளிச் செல்வது என்பதையெல்லாம் அவரே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அந்தச் செய்தியில் எழுதப்படாமல் போன விடயம் அதுதான். பின்னர் உலகெங்கும் பரவிய சுயாதீன வாழ்வு இயக்கத்தின் விதையும் அதற்குள்தான் இருந்தது.

அந்த மாணவரின் பெயர் எட்வேர்ட் றொபேர்ட்ஸ். எல்லோருக்கும் எட் றொபேர்ட்ஸ். 1939 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் மட்டேயோவில், நான்கு ஆண் பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தவர். விளையாட்டில் ஆர்வமுள்ள சாதாரணச் சிறுவன். 1953 இல், 14 வயதில், போலியோ தாக்கியது. அதற்கு முந்திய வருடம் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரை அந்த நோய் பீடித்திருந்தது. சோல்க்கின் தடுப்பூசி வெற்றி என்று அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரலில். இரண்டு வருட இடைவெளியில் இந்தச் சிறுவனின் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் தவிர மற்றெதுவும் அசையாமற் போயின. மூச்சுவிடவும் முடியவில்லை. உருளை வடிவிலான இரும்பு நுரையீரல் என்ற இயந்திரத்துக்குள் உடலை வைத்து, தலை மட்டும் வெளியே தெரியக் கிடந்தார்.

பிழைத்தாலும் வெறும் மரக்கறிபோலத்தான் கிடப்பான் என்று வைத்தியர் ஒருவர் தாயாரிடம் சொன்னாராம். உணர்வின்றிக் கிடப்பவரை ஆங்கிலத்தில் மரக்கறி என்று சொல்வதுண்டு. றொபேர்ட்ஸ் பின்னாளில் மேடைகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார். மரக்கறிதான் என்றால், வெளியே முள்ளும் உள்ளே மென்மையும் கொண்ட ஆர்ட்டிசோக்காக இருந்துவிடுகிறேன் என்பார். ஆனால் அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உண்ண மறுத்து உயிரை விட்டுவிடத் தீர்மானித்தார். உடல் எடை 50 இறாத்தல் வரை இறங்கியது. சதா பக்கத்தில் நின்ற விசேட தாதியரில் கடைசி ஆளும் போன பிறகே, இனி உண்பதா இல்லையா என்பது தன் கையில் இருக்கிறது என்று உணர்ந்ததாகவும், அன்றிலிருந்து உண்ணத் தொடங்கியதாகவும் அவரே பின்னர் கூறியிருக்கிறார். எப்போதும் ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வாழும் ஆசையும் அற்றுப்போகக்கூடும் என்பது நான் இந்த வரலாற்றைப் படிக்கும்வரை யோசித்துப் பார்க்காத ஒன்று.

வீட்டிலிருந்தபடி தொலைபேசித் தொடர்பின் மூலம் உயர்தரப் பாடசாலை வகுப்புகளைக் கேட்டார். கடைசி வருடம் நேரில் சென்றபோது எல்லோரும் வெறித்துப் பார்த்தார்கள். முதலில் கூசிப்போனவர், நட்சத்திரங்களையும் இப்படித்தானே பார்க்கிறார்கள் என்று மனதை மாற்றிக்கொண்டார். படிப்பு முடிந்ததும் பாடசாலை சான்றிதழ் தர மறுத்தது. காரணம், அவர் சாரதிப் பயிற்சியும் உடற்பயிற்சியும் முடிக்கவில்லையாம்! கழுத்துக்குக் கீழே அசையாத பிள்ளையிடம் வாகனம் ஓட்டிக் காட்டச் சொன்ன அதிகாரிகள் நம் நாட்டில் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க. தாயார் ஸோனா கல்விச் சபைவரை சென்று போராடிச் சான்றிதழைப் பெற்றார். அதிகாரத்தோடு எப்படி மோதுவது என்பதை மகன் அந்தத் தாயிடமிருந்துதான் கற்றார்.

சான் மட்டேயோ கல்லூரியில் ஜீன் வேர்த் என்ற ஆலோசகர் வாய்த்தார். அரசறிவியல் படிப்பதானால் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். செலவுக்கு மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களம் உதவ வேண்டும். மாற்றுவலுவுள்ளோருக்குத் தொழில் பெற்றுக்கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட திணைக்களம் அது. பரிசீலித்த உத்தியோகத்தர், இவர் ஒருபோதும் வேலை செய்யப் போவதில்லை, எனவே இவருக்குச் செலவிடுவது பயனற்றது என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார். விடயம் பத்திரிகைகளுக்குப் போனது. பத்திரிகைகள் எழுதிய பின் திணைக்களம் இறங்கிவந்தது. (நம் தொழிலைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்தக் கதையில் ஒன்றாவது இருக்கிறதே!) பல்கலைக்கழகத்திலோ, இப்படிப்பட்டவர்களை முன்பும் சேர்த்துப் பார்த்தோம், சரிவரவில்லை என்ற பொருள்படப் பீடாதிபதி ஒருவர் சொன்னார்.

மாணவர் விடுதியில் இரும்பு நுரையீரலை வைக்க இடமில்லை. எந்த மாடியும் அதன் பாரத்தைத் தாங்காது. கடைசியில் வளாகத்திலிருந்த கவல் மாணவர் வைத்தியசாலையின் பொறுப்பாளரான வைத்தியர் ஹென்றி புரூயின் ஓர் அறையைத் தந்தார். நோயாளியாக அல்ல, விடுதி மாணவராக அங்கே இருக்கலாம் என்பது ஏற்பாடு. இப்படி 1962 இலையுதிர் காலத்தில் றொபேர்ட்ஸ் பேர்க்லிக்குள் நுழைந்தார். அதே பருவத்தில்தான் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராக ஜேம்ஸ் மெரடித் படைப் பாதுகாப்புடன் அனுமதிக்கப்பட்டார். அது உலகமெங்கும் செய்தியானது. இது உள்ளூர்ப் பத்திரிகையின் இரக்கச் செய்தியோடு நின்றது.

அந்த வைத்தியசாலை அறையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் தம்பி ரொன் உதவியாளராகக் கூடவே வந்தார். பின்னர் சக மாணவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளத் தொடங்கினார் றொபேர்ட்ஸ். பணம் அரசாங்கத்தினுடையது. ஆனால் ஆளைத் தெரிவு செய்வது, வேலையைச் சொல்லிக் கொடுப்பது, சரிவராவிட்டால் நிறுத்துவது எல்லாம் அவரே. வைத்தியசாலைத் தாதி தனது மேலதிகாரிக்குப் பதில் சொல்வார். இந்த உதவியாளர் றொபேர்ட்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த அளவு வித்தியாசத்தில் ஒரு மனிதனின் நாள் முழுவதும் தலைகீழாக மாறிவிடுகிறது. இரவு 8 மணிக்குப் படுக்கையில் போட்டுவிடுவார்கள் என்ற கட்டாயம் இல்லை. கூட்டம் முடிய நள்ளிரவானாலும் நள்ளிரவில் திரும்பலாம். 1960 களின் பேர்க்லியில் கூட்டங்களுக்கா குறைவு!

இன்னொரு விடயமும் உண்டு. உன்னால் மின்சாரச் சக்கர நாற்காலியை ஓட்ட முடியாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவரும் நம்பியிருந்தார். பிறகு காதல் வந்தது. காதலியைச் சந்திக்கப் போகும்போது நாற்காலியைத் தள்ள ஓர் உதவியாளரும் கூடவே நிற்பது எவ்வளவு சங்கடம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அசையும் இரண்டு விரல்களாலும் தள்ள முடியாவிட்டாலும் இழுக்க முடியும் என்பதைக் கண்டுகொண்டு, கட்டுப்பாட்டுக் கைப்பிடியைத் திருப்பிப் பொருத்தச் செய்தார். ஓட்டப் பழகினார். நிபுணர்கள் பல வருடங்கள் செய்யாததை ஒரு காதல் செய்துவிட்டது என்று அவர் சொல்வதுண்டு.

1963 இல் ஜோன் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார். நீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து, பல வருடங்களாக மாவட்ட வைத்தியசாலையொன்றில் கிடந்தவர். தசாப்தத்தின் முடிவில் கவலில் இப்படி ஒரு சிறு கூட்டமே வாழ்ந்தது. தங்களுக்கு 'உருளும் நாலங்க முடவர்' என்று பொருள்படும் கேலிப் பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். நாலங்கம் என்பது இரு கைகளும் இரு கால்களும். புனர்வாழ்வு உத்தியோகத்தர் ஒருவர், ஒழுங்காகப் படிக்கவில்லை என்று இருவரை அங்கிருந்து வெளியேற்ற முயன்றபோது இந்தக் கூட்டம் கிளர்ந்தெழுந்தது. மீண்டும் பத்திரிகைகள். இம்முறை இடமாற்றம் பெற்றுப் போனவர் அந்த உத்தியோகத்தர்தான். மாணவர்கள் இருந்தார்கள்.

ஆனால் வென்ற கையோடு அவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. எத்தனை வசதியிருந்தாலும் கவல் ஒரு வைத்தியசாலை அல்லவா? ஊருக்குள் மற்றவர்களைப் போல வாடகை வீட்டில் இருந்தால் என்ன? அந்த யோசனையிலிருந்து 1970 இல், சமஷ்டி அரசாங்க நிதியுடன், உடல் மாற்றுவலுவுள்ள மாணவர் நிகழ்ச்சித்திட்டம் பிறந்தது. ஹெஸ்லர் அதன் பணிப்பாளர். அங்கே என்ன செய்தார்கள்? உதவியாளர் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலி உள்ளே நுழையக்கூடிய வாடகை வீடுகளைத் தேடினார்கள். பழுதான நாற்காலிகளைத் திருத்தினார்கள். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். பார்க்க மிகச் சாதாரணமான வேலைகள். நடுத்தெருவில் நாற்காலியின் மோட்டார் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாற்காலியில் இருப்பவனே அறிவான். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நாற்காலியில் இருந்தவர்கள். எங்களுக்கு எது தேவை என்பது எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதே அவர்களின் முதற் கொள்கை. உதவிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், வாழ்க்கை ஊருக்குள் அமைய வேண்டும் என்பன மற்றவை.

விரைவில் மாணவர் அல்லாதவர்களும் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்காக 1972 இல் பேர்க்லி சுயாதீன வாழ்வு நிலையம் பதிவுசெய்யப்பட்டது. பார்வையற்றோரும் சேர்ந்தனர். நிறுவியவர்களுள் ஒருவரான ஹேல் ஸூக்கஸ் மூளை வாதத்துடன் பிறந்தவர். அவரது பேச்சைப் புரிந்துகொள்வது மற்றவர்களுக்குக் கடினம். தலையில் பொருத்திய ஒரு குச்சியால் பலகையிலுள்ள எழுத்துக்களைத் தொட்டுத்தொட்டுக் கருத்தைச் சொல்வார். கணிதமும் ரஷ்ய மொழியும் படித்தவர். நடைபாதை விளிம்புகளைச் சரித்து வீதியோடு இணைக்க வேண்டும் என்று நகரசபையையும், ரயில் நிலையங்களில் எல்லோரும் ஏறி இறங்க வழி வேண்டும் என்று போக்குவரத்து நிறுவனத்தையும் விடாது துளைத்தெடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர். பேர்க்லி நகரசபை 1971 இல் அந்தச் சரிவுகளுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கச் சம்மதித்தது. வெட்டிய பிறகுதான் தெரிந்தது, குழந்தை வண்டி தள்ளும் தாய்மாருக்கும், பயணப் பெட்டி இழுப்பவருக்கும், முழங்கால் வலிக்கும் முதியவருக்கும் அதே சரிவு வேண்டியிருந்தது என்பது.

இங்கே 'சுயாதீனம்' என்ற சொல்லுக்கு அவர்கள் தந்த பொருளைக் கவனிக்க வேண்டும். அதுவரை புனர்வாழ்வு நிபுணர்களின் அளவுகோல் வேறு: தானாக உடுப்புப் போட முடியுமா, தானாகச் சாப்பிட முடியுமா. தனியே உடுத்துவதற்கு இரண்டு மணித்தியாலம் செலவழித்து, களைத்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடுபவர் அந்த அளவுகோலின்படி சுயாதீனமானவர். உதவியாளரைக் கொண்டு பத்து நிமிடத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர் தங்கி வாழ்பவர்! பேர்க்லிக்காரர்கள் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. கை யாருடையது என்பது முக்கியமல்ல, முடிவு யாருடையது என்பதே முக்கியம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் உலகில் வேறெந்தச் சுயாதீனம் இருக்கிறது? அமைச்சர் தன் காரைத் தானே ஓட்டுவதில்லை. அவரை யாரும் நிராதரவானவர் என்று எழுதுவதில்லை.

1975 இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெரி பிறவுண், மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக எட் றொபேர்ட்ஸை நியமித்தார். ஒருபோதும் வேலை செய்யப் போவதில்லை என்று எந்தத் திணைக்களம் எழுதியதோ அதே திணைக்களம். நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள். பதவியிலிருந்த காலத்தில் மாநிலத்தின் பல இடங்களில் பேர்க்லியைப் போன்ற நிலையங்கள் தோன்ற வழிசெய்தார். 1978 இல் சமஷ்டிச் சட்டத் திருத்தமொன்று இத்தகைய நிலையங்களுக்கு நாடெங்கும் நிதி வழங்க இடமளித்தது. இன்று அங்கே சுமார் 400 நிலையங்கள் உள்ளன.

இடையில் 1977 ஏப்ரலில் நடந்த சான் பிரான்சிஸ்கோ உள்ளிருப்புப் போராட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது. அரசாங்க நிதி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுவலுவுள்ளோரைப் பாகுபடுத்தக் கூடாது என்ற 1973 ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் கையெழுத்தாகாமல் கிடந்தன. ஜூடித் ஹியூமன் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்டோர் சமஷ்டி அலுவலகக் கட்டடத்துக்குள் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிவிட்டார்கள். கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்திட்டார். 1990 ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுவலுவுள்ளோர் சட்டத்துக்குப் பாதை இட்டது இதுவே எனலாம்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அது வெற்றிக்கதையாக முடிந்துவிடும். ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பேர்க்லி முன்னோடிகள் பெரும்பாலும் இளைஞர்கள், வெள்ளையர், பல்கலைக்கழகம் வரை வந்தவர்கள், தமக்கு வேண்டியதைச் சொல்லத் தெரிந்தவர்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? நியூயோர்க்கின் வில்லோபுறூக் போன்ற அரச நிறுவனங்களில். 4,000 பேருக்கென அமைக்கப்பட்ட அந்த இடத்தில் ஒரு காலத்தில் 6,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். பேர்க்லி நிலையம் பிறந்த அதே 1972 இல்தான் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் கமராவுடன் அங்கே நுழைந்து, நிர்வாணமாகத் தரையில் கிடந்த பிள்ளைகளை நாட்டுக்குக் காட்டினார். அது முற்றாக மூடப்பட மேலும் 15 வருடங்கள் எடுத்தன. ஜோர்ஜியா மாநிலத்தில் லோயிஸ் கேர்ட்டிஸ், இலெய்ன் வில்சன் என்ற இரு பெண்கள், ஊருக்குள் வாழலாம் என்று வைத்தியர்களே கூறிய பின்னும் மனநல வைத்தியசாலையில் வைக்கப்பட்டிருந்தார்கள். காரணமின்றி இப்படிப் பிரித்து வைப்பதே பாகுபாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999 ஜூனில் தீர்ப்பளித்தது. கேர்ட்டிஸ் பின்னர் ஓவியராக அறியப்பட்டார். தனது சொந்த வீட்டில், உதவியாளர்களின் துணையுடன் வாழ்ந்தார். பேர்க்லியின் கொள்கை உயர்கல்வி பெற்றவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை நிரூபித்த வாழ்க்கைகளில் அதுவும் ஒன்று.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதையும் உண்டு. லெனார்ட் செஷயர் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி 1948 இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற வீட்டில் தொடங்கிய பராமரிப்பு இல்லமே, இலங்கை உட்பட உலகின் பல நாடுகளிலும் பரவிய செஷயர் இல்லங்களுக்கு மூலம். அந்த முதல் இல்லத்திலேயே கலகமும் பிறந்தது. ஜோன் எவன்ஸ் உள்ளிட்ட சில வாசிகள் கலிபோர்னியாவைப் பற்றி அறிந்து, 1981 ஆம் ஆண்டைப் பெயரில் தாங்கிய ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த ஆண்டு அது. அவர்கள் உள்ளூராட்சிச் சபையிடம் கேட்டது எளிமையானது: எங்களை இங்கே வைத்திருக்க நீங்கள் செலவழிக்கும் பணத்தை எங்களிடம் தாருங்கள், நாங்கள் வெளியே போய் வாழ்கிறோம். சில வருட வாதாட்டத்தின் பின் அது நடந்தது. 1996 இல் பிரித்தானியா இதை நேரடிக் கொடுப்பனவுச் சட்டமாக்கியது. லண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் 'டிரெக்ட் பேமன்ட்' பெற்று உதவியாளரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று உண்டு. அந்தப் பணம் ஏதோ அரசாங்கத்தின் கருணையால் வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பராமரிப்பு இல்லத்தின் வாசிகள் வாதாடிப் பெற்றது.

சுவீடனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜேர்மனியில் பிறந்து, 17 வயதில் போலியோ தாக்கி, ஐந்து வருடங்கள் மியூனிச் வைத்தியசாலையில் கழித்த அடோல்ஃப் ராட்ஸ்கா, 1966 இல் படிப்பதற்காகக் கலிபோர்னியா சென்றவர். பின்னர் ஸ்ரொக்ஹோம் வந்து, உதவி பெறுபவர்களே உரிமையாளராக இருக்கும் கூட்டுறவொன்றை 1980 களில் அமைத்தார். 1994 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தனிப்பட்ட உதவியாளரை அங்கே உரிமையாக்கியது. பின்னாளில் சுவீடன் அரசு செலவைக் காரணம் காட்டி மதிப்பீடுகளை இறுக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த நீரோட்டங்கள் எல்லாம் வந்து கலந்த இடம், 2006 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுவலுவுள்ளோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 19 ஆவது உறுப்புரை. எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலத் தாமே தெரிவு செய்யவும், அதற்கு வேண்டிய தனிப்பட்ட உதவியைப் பெறவும் அது உரிமை தருகிறது. இலங்கை 2007 மார்ச்சில் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது.

ஆக, பேர்க்லியின் அந்த வைத்தியசாலை அறை நமக்கும் சம்பந்தமற்றதல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சம் பேருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதாவது ஒரு சிரமம் உண்டு. யுத்தம் அந்த எண்ணிக்கையில் எவ்வளவைச் சேர்த்தது என்பதை வடக்கு கிழக்கில் தெருவில் நடந்தாலே கண்டுகொள்ளலாம். சட்டம் இல்லாமலும் இல்லை. பிரித்தானியா நேரடிக் கொடுப்பனவுச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே 1996 இல்தான் இலங்கையும் தனது 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. அவை காகிதத்தில் கிடந்தபோது உயர் நீதிமன்றத்தின் படியேறியவர் அஜித் பெரேரா. படியேறினார் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்தவர். கிரிக்கெட் நடுவராகவும் விளங்கிய அவர், 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மீது மரம் விழுந்ததில் நடக்கும் ஆற்றலை இழந்தார். புதிய பொதுக் கட்டடங்களும் அவற்றின் மலசலகூடங்களும் அந்த ஒழுங்குவிதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்ற கட்டளையை 2011 ஏப்ரலில் பெற்றுத் தந்தார். கட்டளை வந்த பின்னும் கட்டப்பட்ட எத்தனை அலுவலகங்களின் வாசலில் மூன்று படிகள் நிற்கின்றன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சொற்களைப் பொறுத்தவரை நாங்கள் மிகவும் முன்னேறியிருக்கிறோம். முடவர், குருடர் போய் அங்கவீனர் வந்தது. பின் ஊனமுற்றோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுவலுவுள்ளோர். தமிழகத்தில் 2010 இல் அன்றைய முதல்வர் கருணாநிதி மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை அரச வழக்காக்கினார். நல்லதுதான். வாசலின் மூன்று படிகளைப் பெயர்ப்பதைவிடப் பெயர்ப் பலகையை மாற்றுவது மலிவு.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் வன்னிக் கிராமமொன்றில் நான் கண்டதைக் குறிப்பிட வேண்டும். முள்ளந்தண்டில் எறிகணைச் சிதறல் பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞர் ஒருவர். அவருக்கு ஒரு நிறுவனம் விழா வைத்துச் சக்கர நாற்காலி வழங்கியிருந்தது. படமும் பத்திரிகையில் வந்திருந்தது. வைத்தியசாலையின் வழுவழுப்பான தரையில் உருள்வதற்குச் செய்த நாற்காலி அது. முன் சில்லு இரண்டும் முற்றத்து மணலில் புதைந்துவிட்டன. நான் போனபோது அதில் துவைத்த உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் அவரைத் தூக்கிச் சென்றவர் அறுபது வயது கடந்த தாயார். நாற்காலியைப் பற்றி அந்த அம்மாவுக்கு முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை. "எனக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்காத தாயை அத்தகைய வீடுகளில் நான் சந்தித்ததில்லை. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது நம் சமூகத்தின் பெருமை. பெரும்பாலும் அதற்கு 'ஒரு பெண் பார்த்துக்கொள்வாள்' என்று அர்த்தம். தாய், தாய்க்குப் பின் மணமாகாத சகோதரி, அவளும் இல்லாவிட்டால் ஓர் இல்லம். இதில் அந்த மகனின் விருப்பத்தைக் கேட்கும் இடம் எங்கும் வருவதில்லை. சுவீடனைப் போல உதவியாளரை உரிமையாக்கிய சட்டம் இலங்கையில் இல்லை. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பேர்க்லியில் தொடக்கத்தில் இருந்தது ஓர் உதவியாளர் பட்டியலும் நாற்காலி திருத்தும் கருவிகளும்தான். சனசமூக நிலையங்களும் ஊர்ச்சங்கங்களும் நிறைந்த நம் ஊர்களில் இவற்றைத் தொடங்க முடியாதா? வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் கோயில் மதிலுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, பத்துப் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியால உதவியாளர் சம்பளமாகும். ஒரே நிபந்தனை, யாரை அமர்த்துவது என்று அந்தப் பத்துப் பேரே தீர்மானிக்க வேண்டும். தலைவர், செயலாளர் அல்ல.

எட் றொபேர்ட்ஸ் 1995 மார்ச்சில், 56 வயதில் காலமானார். திருமணம் செய்து ஒரு மகனுக்குத் தந்தையாகி, பல நாடுகளுக்கும் பயணம் செய்து முடித்திருந்தார். அவரது மின்சாரச் சக்கர நாற்காலி வோஷிங்டனின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. பேர்க்லியில் ஒரு ரயில் நிலையத்தோடு ஒட்டியபடி, நடுவில் பெரிய சிவப்புச் சுருள் சாய்தளம் கொண்ட கட்டடமொன்று 2010 முதல் அவர் பெயரில் இயங்குகிறது.

தாயார் ஸோனாவின் கதையை அதிகம் பேர் எழுதுவதில்லை. மகன் வீட்டைவிட்டுப் போன காலத்திலேயே கணவரையும் இழந்தவர் அவர். இரவு பகலாக மகனின் இரும்பு நுரையீரலைக் காத்த அந்தப் பெண், பின்னர் தானும் அதே பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். படித்து முடித்து, முதலில் மாணவர் நிகழ்ச்சித்திட்டத்திலும் அடுத்துச் சுயாதீன வாழ்வு நிலையத்திலும் ஆலோசகராகப் பணியாற்றினார்.